எனக்குப் பிடித்த படம். ஏன் பிடிக்கும் என்று சொல்லத் தெரியவில்லை

கேள்வி:

அன்புள்ள அக்கா, சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வட்டாரத் தமிழர்கள் சிலர் மாதம் ஒருமுறை சமூக மன்றத்தில் கூடிப் பேசுவோம். அடுத்த கூட்டத்தில் ஆளுக்கு ஐந்து நிமிடம், தனக்கு மிகவும் பிடித்த படத்தைப் பற்றிப் பேச வேண்டும். அது ஏன் மறக்கவில்லை என்றும் சொல்ல வேண்டும். எனக்குப் பிடித்தது ‘பூவே பூச்சூடவா’. தொடக்கநிலை நான்கில் படிக்கும்போது அம்மாச்சியோடு வீடியோ கேசட்டில் பார்த்தேன். படம் முடிந்ததும் அம்மாச்சி ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து மாவாட்டப் போய்விட்டார். குழுவில் ஒருவர் ஜப்பானிய இயக்குநர் குரோசவாவின் ‘இகிரு’ பற்றிப் பேசப்போகிறாராம், இன்னொருவர் ஏதோ ஈரானியப் படம். அங்கே போய் நான் பாட்டி பேத்தி கதையைச் சொன்னால் சிரிப்பார்களோ என்று இருக்கிறது. ஏன் பிடிக்கும் என்று யோசித்தாலும் ‘நல்லா இருக்கும்’ என்பதற்கு மேல் வரமாட்டேன் என்கிறது. பேசாமல் வேறு பெரிய படம் ஒன்றைச் சொல்லிவிடலாமா? உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகனுக்குப் போன மாதம் இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரத்திலேயே கைப்பேசியை எடுத்துவிட்டான். அன்றிலிருந்து மனசு ஒரு மாதிரி இருக்கிறது.
பெயர் வேண்டாம், ஈசூன்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

வேறு படம் வேண்டாம். ‘பூவே பூச்சூடவா’ பற்றியே பேசுங்கள்.

உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் கூச்சத்தைப் பற்றி ஒரு பக்கத்துக்கு மேல் எழுதியிருக்கிறீர்கள். அம்மாச்சி எழுந்து மாவாட்டப் போனது ஒரே ஒரு வரி. படித்து முடித்த பிறகும் என்னை விட்டுப் போகாதது அந்த வரிதான். இத்தனை வருடம் கழித்தும் உங்களுக்கு அது ஞாபகம் இருக்கிறது என்றால், ஏன் பிடிக்கும் என்ற காரணமும் அதற்குப் பக்கத்தில்தான் எங்கோ இருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். உலகத்தின் சிறந்த படம் எது என்று உங்களிடம் யாரும் கேட்கவில்லை. அதற்கு விமர்சகர்கள் இருக்கிறார்கள், விருதுக் குழுக்கள் இருக்கின்றன. உங்களிடம் கேட்டது உங்களுக்குப் பிடித்த படத்தை. அதற்கு உங்களைத் தவிர வேறு யாரும் பதில் சொல்ல முடியாது. அதனால் படத்துக்கு வக்கீலாக நிற்க வேண்டாம். ‘ரொம்பச் சாதாரணப் படம்தான், இருந்தாலும்…’ என்று மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஆரம்பிக்கவும் வேண்டாம். அப்படி ஆரம்பித்தால் கேட்கிறவர்களும் அதைச் சாதாரணப் படமாகவே எடுத்துக்கொள்வார்கள்.

ஒரு படம் மனசில் தங்குவதற்குக் கதையே காரணமாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. எங்கள் அண்ணனுக்கு ‘நினைத்தாலே இனிக்கும்’ என்றால் உயிர். 1979-இல் பாலசந்தர் எடுத்தது. கமலும் ரஜினியும் நடித்தார்கள், எம்.எஸ்.வி. இசை. படத்தின் பெரும்பகுதியை இங்கே சிங்கப்பூரிலேயே எடுத்தார்கள். அண்ணனிடம் கதையைக் கேட்டால் பாதியில் குழம்பிவிடுவார். ஆனால் தான் தினமும் நடக்கிற சாலையை முதல்முறையாக ஒரு தமிழ்ப்படத்தில் பார்த்ததைக் கேளுங்கள், அரைமணி நேரம் பேசுவார். அந்த நாளில் தமிழ்ப்படம் என்றால் மதுரை, தஞ்சாவூர், மெட்ராஸ். நாம் இருக்கிற ஊர் திரையில் வந்து, அதில் ஆட்கள் தமிழில் பாடுகிறார்கள் என்பது ஓர் இளைஞனுக்கு எவ்வளவு பெரிய விஷயம்! அண்ணனுக்கு அந்தக் காரணமே போதும். குறை சொல்ல எனக்கு மனசு வராது.

ஆனால் உங்களுக்கு இதோடு நிறுத்திக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. நீங்கள் எடுத்திருக்கும் படத்திலேயே சொல்ல நிறைய இருக்கிறது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1985-இல் பாசில் எடுத்த படம் அது. முந்தின வருடம் மலையாளத்தில் எடுத்ததை அவரே தமிழில் செய்தார். நதியாவுக்கு அதுதான் முதல் தமிழ்ப்படம். பாட்டியாக வருவது பத்மினி. உங்கள் அம்மாச்சி அவரை யாராகப் பார்த்திருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். 1968-இல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தின் மோகனா! பின்னாளில் பத்மினி சினிமாவை விட்டு ஒதுங்கி, அமெரிக்காவில் குடியேறி நடனப் பள்ளி நடத்தினார். வெகுகாலம் கழித்துத் திரும்பி வந்து நரைத்த தலையோடு, வாசலில் தனியாக நிற்கிற கிழவியாக நடித்தார். உங்களுக்கு அப்போது அவர் ஒரு பாட்டி, அவ்வளவுதான். அம்மாச்சிக்கோ தன்னோடு சேர்ந்து வயதான ஒரு பெண். ஒரே சோபாவில் உட்கார்ந்து நீங்கள் இரண்டு பேரும் இரண்டு படம் பார்த்திருக்கிறீர்கள். கூட்டத்தில் இதைச் சொன்னாலே போதும், ஆளுக்கு ஒரு பாட்டி ஞாபகத்துக்கு வந்துவிடுவார்.

அப்புறம் அந்த அழைப்பு மணி. தெருப்பிள்ளைகள் பாட்டி வீட்டு மணியை அழுத்திவிட்டு ஓடுகிறார்கள். தனியாக இருக்கிற மனுஷி எழுந்து வந்து கதவைத் திறந்தால் ஆளே இருக்காது. ஆத்திரத்தில் மணியையே கழற்றி வைத்துவிடுகிறாள். பார்க்கிற நாமும் சிரிக்கிறோம், அது ஒரு சேட்டைக் காட்சி. பிறகு பேத்தி வருகிறாள், கோபம், சண்டை, பாசம், நோய் என்று கதை எங்கெங்கோ போகிறது. கடைசியில் பேத்தியைச் சிகிச்சைக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். அவள் திரும்பி வருவாளா என்று யாருக்கும் தெரியாது. அப்போது பாட்டி அந்த மணியை எடுத்து வாசலில் மறுபடி மாட்டுகிறாள். ‘உனக்காகக் காத்திருப்பேன்’ என்று நீளமாக வசனம் எழுதியிருந்தால் நாம் அன்றே மறந்திருப்போம். தொந்தரவு என்று கழற்றின பொருளையே திரும்ப மாட்டுவதில் எல்லாம் வந்துவிட்டது. படத்தின் முடிவைச் சொல்லிவிட்டோமே என்று கூட்டத்தில் தயங்காதீர்கள். நாற்பது வருடப் பழைய படம், முடிவைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றிப் பேசவும் முடியாது.

‘இகிரு’ பற்றிப் பேசப்போகிறவரைக் கண்டு பயந்திருக்கிறீர்கள். 1952-இல் வந்த அற்புதமான படம் அது, அவர் பேசும்போது நன்றாகக் கேளுங்கள். வாழ்நாள் முழுக்கக் கோப்புகளுக்கு நடுவே கழித்த ஒரு நகராட்சி அதிகாரி, வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு பிள்ளைகள் விளையாட ஒரு சின்னப் பூங்காவைக் கட்டி முடிக்கிறார். பனி கொட்டுகிற ராத்திரியில் அங்கே ஊஞ்சலில் உட்கார்ந்து மெல்லப் பாடுகிறார். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் யாரைக் கேட்டாலும் ஊஞ்சலைத்தான் சொல்வார்கள். உங்கள் படத்தில் அந்த இடத்தில் ஓர் அழைப்பு மணி இருக்கிறது. இரண்டு படமும் ஒரே தரம் என்று நான் சொல்லவில்லை. ‘இகிரு’ பெரிய படம், சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு சின்னப் பொருளை வைத்துக்கொண்டு பார்க்கிறவர் மனசுக்குள் போகிற வேலையை இரண்டுமே சரியாகச் செய்திருக்கின்றன. அவருக்குப் பக்கத்து நாற்காலியில் தைரியமாக உட்காரலாம் நீங்கள்.

எனக்குப் பிடித்த படத்தையும் சொல்கிறேன். பாலு மகேந்திராவின் ‘வீடு’, 1988-இல் வந்தது. நடுத்தரக் குடும்பத்துப் பெண் ஒருத்தி சென்னையில் சின்னதாக ஒரு வீடு கட்டப் படுகிற பாடுதான் முழுப் படமும். அர்ச்சனா நடித்தார், அதற்குத் தேசிய விருதும் கிடைத்தது. தாத்தாவாகச் சொக்கலிங்க பாகவதர். பாதி எழும்பி நிற்கிற வீட்டை அந்தத் தாத்தா தனியாகப் போய்ப் பார்க்கிறார். பூசாத சுவரைக் கையால் தடவுகிறார், அறை அறையாக நடக்கிறார். திரும்பும் வழியில் இறந்துபோகிறார். இந்தக் காட்சியை என்னால் இன்றைக்கும் சும்மா பார்க்க முடியாது. வீவக (வீட்டு வசதி வளர்ச்சிக் கழக) வீட்டுக்குப் பதிவு செய்துவிட்டு நாங்கள் காத்திருந்த காலத்தில், என் அப்பா வேலை முடிந்து பஸ் பிடித்துப் போய், கட்டுமான வேலிக்கு வெளியே நின்று எங்கள் புளோக்கைப் பார்த்துவிட்டு வருவார். ஒருநாள் என்னையும் கூட்டிப் போனார். கீழேயிருந்து விரலால் மாடியை எண்ணி, “அந்தா, அதுதான் நம்மது” என்றார். அங்கே வெறும் சிமென்ட் தூண்தான் இருந்தது, சன்னல்கூட வைக்கவில்லை. அப்பா அந்த வீட்டில் நன்றாக வாழ்ந்துவிட்டுத்தான் போனார், படத்தில் நடப்பது எதுவும் எங்களுக்கு நடக்கவில்லை. இருந்தாலும் பாகவதர் சுவரைத் தொடும்போது எனக்கு அப்பாவின் விரல்தான் தெரிகிறது.

படத்தில் ஒன்று, நம் வாழ்க்கையில் ஒன்று. இரண்டும் எங்கே தொட்டுக்கொள்கின்றன என்று சொன்னால் போதும், ‘ஏன்’ என்ற கேள்விக்கு அதுவே பதில். படத்தை மட்டும் பேசினால் விமர்சனம் படித்த மாதிரி இருக்கும். சொந்தக் கதையை மட்டும் பேசினால் படம் எங்கே என்று தேடுவார்கள். நீங்கள் மணியைச் சொல்லுங்கள், அம்மாச்சி மாவாட்டப் போனதைச் சொல்லுங்கள். அவர் அழுதாரா, எதை நினைத்தார், ஏன் பேசவில்லை என்று விளக்கம் கொடுக்கப் போகாதீர்கள். நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டு ஒரு நொடி நிறுத்துங்கள். கேட்கிறவர்களுக்குப் புரியும்.

இனி உங்கள் மகன். அவன் கைப்பேசியை எடுத்ததை அம்மாச்சிக்கே நடந்த அவமரியாதை போல நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள் என்று நினைக்கிறேன். பாவம், அவனுக்கு அது தெரியாது. பிள்ளைகளுக்குப் படம் காட்டும்போது நாம் திரையை விட்டுவிட்டு அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். சிரிக்கிறானா, கண் கலங்குகிறதா என்று. பதினான்கு வயதுப் பையனுக்கு அதைவிடச் சங்கடம் வேறு கிடையாது, கைப்பேசியில்தான் போய் ஒளிவான். அதோடு படமும் நிதானமாகப் போகிற படம். வசனத்தைக் காதால் கேட்டு வளர்ந்த நமக்கு அது ஓடுகிறது. பள்ளியில் ஆங்கிலம் பேசிவிட்டு வருகிற அவனுக்கு வசன வரிகள் இல்லாவிட்டால் பாதி நகைச்சுவை போயே போய்விடும். அடுத்த முறை வசன வரிகள் உள்ள பிரதியாகத் தேடிப் பாருங்கள்.

ஆனால் அடுத்த முறைக்கு இப்போது அவசரம் வேண்டாம். முதலில் அவனுக்குப் பிடித்த படம் எது என்று கேளுங்கள். அனிமேஷனோ, சூப்பர் ஹீரோவோ, கொரியப் பேய்ப் படமோ, எதுவானாலும் அவனோடு உட்கார்ந்து முழுசாகப் பாருங்கள். நடுவில் துணி மடிக்க எழுந்து போகாதீர்கள். முடிந்ததும் நன்றாக இருந்தது, இல்லை என்று மதிப்பெண் போட வேண்டாம். ‘எந்த இடம் உனக்குப் பிடிச்சது?’ என்று மட்டும் கேளுங்கள். அவனும் முதலில் ‘நல்லா இருக்கும்’ என்றுதான் சொல்வான், உங்களைப் போலவே. இன்னொரு தடவை கேளுங்கள், ஏதாவது ஒரு காட்சி வரும். உங்கள் மணியைப் பற்றி அவனிடம் சொல்ல அதுதான் நல்ல நேரம். ஆர்வம் இருந்தால் அவனே கேட்பான். கேட்காவிட்டாலும் பரவாயில்லை, அவனுக்கு வயது இருக்கிறது. அம்மாச்சியின் கதை அவனுக்குத் தெரிந்திருப்பது படத்தைவிட முக்கியம் என்பது என் எண்ணம்.

தமிழ்ப்படம் என்றாலே இந்தியாவில் நடப்பது என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தால், எரிக் கூ எடுத்த ‘மை மேஜிக்’ இருக்கிறது. நம்மூர்ப் படம், பேசுவது பெரும்பாலும் தமிழ். குடியில் விழுந்த ஒரு மந்திரவாதி அப்பாவும் அவர் பிள்ளையும்தான் கதை. 2008-இல் கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவுக்கே போனது. கண்ணாடியை மென்று காட்டுகிற மாதிரி வலிக்கிற காட்சிகள் உண்டு. அதனால் முதலில் நீங்கள் தனியாகப் பார்த்துவிட்டு, காட்டலாமா என்று முடிவு செய்யுங்கள்.

கடிதத்தின் ஓரத்தில், கூட்டத்தில் கைப்பேசியில் பாட்டைப் போட்டுக் காட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போடுங்கள். ‘பூவே பூச்சூட வா’ யேசுதாஸ் குரலிலும் இருக்கிறது, சித்ரா குரலிலும் இருக்கிறது. உங்களுக்கு எது வேண்டுமோ அது. பல்லவி வரைக்கும் போதும். ஆனால் பேசி முடித்த பிறகு போடுங்கள். முதலிலேயே போட்டால் எல்லாரும் கூடவே பாட ஆரம்பித்துவிடுவார்கள், உங்கள் ஐந்து நிமிடம் அதிலேயே போய்விடும்.