வாசகர் கேள்வி: பேனாவுக்குள் தண்டனையா?

கேள்வி: போர்த்துக்கேய அகராதியில் 'பேனா' என்ற சொல்லுக்குத் தண்டனை, துயரம் என்றும் இறகு என்றும் பொருள் கண்டேன். நாம் எழுதும் பேனாவுக்கும் தண்டனைக்கும் தொடர்பு உண்டா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: இல்லை. இறகைக் குறித்த இலத்தீன் 'பென்னா' வேறு, தண்டனையைக் குறித்த 'பொயினா' வேறு. முன்னதில் இரட்டை னகரம் ஒற்றையாகவும், பின்னதில் 'ஒய்' என்ற ஒலி எகரமாகவும் தேய்ந்ததால், போர்த்துக்கேயத்தில் இரண்டும் ஒரே வடிவில் வந்து முட்டிக்கொண்டன. இத்தாலியர் இறகுக்கு இரட்டை னகரத்தை விடாமல் வைத்திருப்பதால் அவர்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை. நம் கைப்பேனா போர்த்துக்கேயரின் இறகிலிருந்து வந்தது.

'பொயினா' கிரேக்கத்திலிருந்து இரவல் பெற்ற சொல். அங்கே அது, கொலையுண்டவனின் உறவினருக்குக் கொலைகாரன் செலுத்திய ஈட்டுப்பணத்தைக் குறித்தது. நம் 'தண்டப்பணம்' நினைவுக்கு வருகிறதல்லவா? இலத்தீனில் தண்டனையான அச்சொல், வழித்தோன்றல் மொழிகளில் அதனால் விளையும் வலியாகவும் துயரமாகவும் விரிந்தது. ஸ்பானியர் 'கே பேனா' என்றால் 'ஐயோ பாவம்' என்று பொருள். கொலம்பியாவிலோ அதுவே 'வெட்கமாயிருக்கிறது' என்றாகும். பிரெஞ்சில் 'பென்' தண்டனையோடு சிரமத்தையும் குறிப்பதால், 'அ பென்' என்பது 'அரிதாகவே' என்று பொருள்படுகிறது.

கொழும்பின் புதுக்கடை நீதிமன்றங்களில் 'பீனல் கோட்' எனப்படும் 1883 ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் ஆங்கிலப் பெயரிலும் இந்தப் 'பொயினா'தான் இருக்கிறது.