தொலைக்காட்சியில் தெரியும் பழைய ஒலிவாங்கி எந்த வகை என்று எப்படிக் கண்டறிவது?

பழைய வானொலி நிலையக் காட்சி ஒன்றைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, அதில் வந்த ஒலிவாங்கியின் பெயரைத் தேடிக் களைத்த பிறகே நீங்கள் இங்கு கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். முகப்பை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரே ஒலிவாங்கியின் பழைய, புதிய வடிவங்களுக்கு அது ஒன்றாகவே இருக்கும்.

கோலாலம்பூரின் செந்தூலில் ஒலிபெருக்கிகளை வாடகைக்கு விடும் குடும்பம் எங்களுடையது. கோயில் திருவிழாக்களுக்காக அப்பா வாங்கிய, ஷூர் நிறுவனத்தின் 55எஸ் ஒலிவாங்கி இன்றும் என்னிடம் இருக்கிறது. செங்குத்துப் பட்டைகளின் ஓரத்தில் குரோம் பூச்சு உரிந்துவிட்டது. வடத்தைத் திருகித்தான் மாட்ட வேண்டும். அதே முகப்புடன் இப்போது விற்பனையாகும் ஒலிவாங்கியின் அடியில் மூன்று ஊசி இணைப்பு இருக்கும்.

மலாயாவில் ஜப்பானியர் ஆட்சிக் காலத்தைக் காட்டிய ஒரு தமிழ் நாடகத்தில், 1942ஆம் ஆண்டு அறிவிப்பாளர் ஒருவர் செய்தி வாசிக்கும்போது, அவர் முன்னிருந்த ஒலிவாங்கியின் பட்டைகளுக்கு இடையே நீல நிறப் பஞ்சு பளிச்சென்று தெரிந்தது. அது இந்த நூற்றாண்டில் வெளிவந்த ஷூர் சூப்பர் 55. ஷூர் 55 வகை 1939இலேயே வந்துவிட்டதே என்று சிலர் வாதிடக்கூடும். வந்தது உண்மை, ஆனால் அது உருவில் பெரியது. சூப்பர் 55 ஒத்திருக்கும் சிறிய 55எஸ் 1951இல்தான் வந்தது. அடுத்த நாடகத்திற்குக் கட்டணமின்றிப் பார்த்துச் சொல்கிறேன் என்று தயாரிப்பாளருக்கு எழுதினேன். "மக்கள் கதையைப் பார்ப்பார்களா, மைக்கைப் பார்ப்பார்களா?" என்று பதில் வந்தது. உடைக்கும் சிகை அலங்காரத்திற்கும் அத்தனை பாடுபடுகிறவர்கள், வானொலியைப் பற்றிய காட்சியில் வானொலிக் கருவியை மட்டும் அலட்சியப்படுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

முனைகள் வெட்டப்பட்ட பெரிய பெட்டி போல இருந்தால் பெரும்பாலும் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனம் செய்த 44 வகை. மாத்திரை வடிவில் நீண்டிருந்தால் ஆர்சிஏ 77. இரண்டிலும் உள்ளே மெல்லிய அலுமினிய நாடாவே ஒலியை வாங்குகிறது. மேசையில் இருப்பதுதான் ஒலியைப் பதிவு செய்கிறது என்றும் எண்ணிவிடாதீர்கள்: அமெரிக்கத் தொலைக்காட்சியான சிஎன்என்னில் பேட்டி நிகழ்ச்சி நடத்திய லாரி கிங்கின் முன்னால் இருந்த ஆர்சிஏ வெறும் அலங்காரம், அவருடைய குரலை வாங்கியது உடையில் குத்தியிருந்த சிறிய ஒலிவாங்கி. ஆகவே காட்சியை நிறுத்தி, பக்கவாட்டுத் தோற்றமும் அடிப்பகுதியும் தெரியும் படத்தை இங்கே இணையுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.