கொரியாவின் குவாங்கேத்தோ ஏன் 'மாமன்னர்' எனப் போற்றப்படுகிறார்?

நாட்டைப் பெரிதாக்கியது மட்டும் காரணமில்லை. 391இல் பழைய கொரிய அரசான கோகுரியோவின் அரியணை ஏறியபோது அவருக்கு வயது 18தான். அதற்கு 20 ஆண்டு முன்பு, அண்டை நாடான பெக்ஜேயின் படை அவருடைய தாத்தா கோகுக்வோன் மன்னரைப் போரில் கொன்றிருந்தது. 396இல் பேரன் திருப்பி அடித்தார். 58 கோட்டைகளும் 700 ஊர்களும் விழுந்தன. பெக்ஜே மன்னர் அசின் அடிபணிந்தார். பழிதீர்க்க நல்ல வாய்ப்புதான். ஆனாலும் உயிரோடு விட்டு, அசினின் தம்பியைப் பிணையாகக் கொண்டுபோனார். அவருடைய பெருமையை நான் இந்த இடத்தில்தான் பார்க்கிறேன்.

அப்புறம் 400இல், ஜப்பானியப் படையிடம் சிக்கிய சில்லா என்ற இன்னொரு கொரிய நாட்டைக் காக்க 50,000 வீரர்களை அனுப்பினார். 413இல், நாற்பதைத் தொடும் முன்பே இறந்தார்.

இந்த எண்களைத் தருவது மகன் ஜாங்சு 414இல் நிறுவிய கல்வெட்டு. தந்தையைப் புகழ எழுந்தது என்பதால் நிதானமாகப் படியுங்கள். ஆறு மீட்டருக்கும் உயரமான அந்தக் கல் இன்று சீனாவின் ஜியான் நகரில் இருக்கிறது.