கரண்ட் வண்டி பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கே: எப்பலருந்து சார் இந்த ஈவி (கரண்ட் வண்டி) பிரச்சாரம்?
ப: 2001ல பெங்களூர்ல ரேவா கார் வந்துச்சே, அப்பலருந்து. லெட் ஆசிட் பேட்டரி, 80 கிலோமீட்டர் போனாலே பெருசு. அதையே லண்டன்ல ஜி-விஸ்னு பேர் வெச்சு ஓட்டுனாங்க, நம்மாளுங்க பொம்ம காருன்னு சிரிச்சாங்க.

கே: அண்ணா, மாடி வீடு. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து ஸ்கூட்டருக்கு சார்ஜ் போடலாமா?
ப: கூடாது. மணிக்கணக்கா லோடு ஓடும், லூஸா இருக்குற பின் சூடாகி பிளாஸ்டிக் உருகும். உங்க மீட்டர்லருந்து தனி ஒயர், எம்சிபி (லோடு மீறுனா தானா கட் ஆகுற சுவிட்ச்), 16 ஆம்ப் சாக்கெட், ஒழுங்கான எர்த். ஒரு தடவ செலவு பண்ணிடுங்க.

கே: கரண்டே நிலக்கரிலதான வருது, இதுல என்ன சுத்தம்?
ப: வந்துட்டீங்களா! சரி, முழுக்க நிலக்கரின்னே வெச்சுக்குவோம். ஸ்கூட்டர் 100 கிலோமீட்டர் போக சுமார் மூன்றரை யூனிட், லைன்ல போற நஷ்டத்தையும் சேத்தா 4 கிலோகிட்ட கார்பன் டை ஆக்சைடு. பெட்ரோல் ஸ்கூட்டருக்கு 2 லிட்டருக்கு மேல ஆகும், அது 5 கிலோ. நம்ம கிரிட்ல, அதாவது ஊருக்கெல்லாம் கரண்ட் வர்ற பொது லைன்ல, முப்பந்தல் காத்தாலை, சோலார் எல்லாம் கலந்து வருதுல்ல, அப்ப இன்னும் கம்மி.

கே: நான் எண்ணூர் சார், நிலக்கரி கரண்ட் ஸ்டேஷன் பக்கம். உங்க தெரு புகை எங்க தெருவுக்கு வருது, அவ்ளோதான?
ப: இத மழுப்ப மாட்டேன், சாம்பல் உங்க தலையிலதான் விழுது. அதான் பகல்ல, சோலார் இருக்கறப்ப சார்ஜ் போடுங்கன்னு கத்திக்கிட்டு இருக்கேன், எல்லாரும் ராத்திரிதான் சொருகுறாங்க.

கே: அப்ப ஸ்கூட்டருக்கு மானியம் எதுக்கு, பஸ்ஸுக்கு குடுக்கலாமே?
ப: என் கட்சியும் அதான்! டெய்லி 200 கிலோமீட்டர் ஓடுற டீசல் பஸ், லிட்டருக்கு 4 கிலோமீட்டர்னு வெச்சா 50 லிட்டர் குடிக்கும். நீங்க டெய்லி 30 ஓட்டுனா முக்கா லிட்டர்கூட ஆகாது. ஒரு பஸ்ஸ மாத்துனா எழுவது ஸ்கூட்டர மாத்துன மாதிரி. 2025 ஜூன்ல வியாசர்பாடி டெப்போலருந்து 120 கரண்ட் பஸ் விட்டாங்கல்ல, அந்த மாதிரி இன்னும் வேணும்.

கே: மானியம் நிறுத்துனா நாங்க எப்படி சார் வாங்கறது? பஸ் வராத ஊரு எங்களுது.
ப: நியாயம். பஸ் இல்லாத ஊருக்கு ஸ்கூட்டர்தான் பஸ். நான் சொன்னது சென்னைக்கு.

கே: சார் நல்ல கம்பெனி எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்னா?
ப: மேல ஏற்கனவே சொன்ன பதில படிங்க.

கே: ஈபி பில் எகிறுமா?
ப: மாசம் 30 யூனிட் சுத்தி. ரெண்டு மாச பில் 500 யூனிட்ட தொட்டுட்டு இருந்தா மட்டும் கவனம், ஸ்லாப் மாறி யூனிட் ரேட் ஏறிடும்.

கே: இன்சூரன்ஸ் எது பெஸ்ட்?
ப: ஏஜென்ட்ட கேளுங்க.