சதுரங்கத்தில் ஒரு சிப்பாயைக் கொடுத்து: எவன்ஸ் காம்பிட் கேள்வி-பதில்

இத்தாலியன் ஆட்டத்தில் (வெள்ளை பிஷப் சி4-லும் கறுப்பு பிஷப் சி5-லும் நிற்கும் தொடக்கம்) 4-வது நகர்விலேயே எதிராளி பி4 கட்டத்துக்குச் சிப்பாயைத் தள்ளினார். சும்மா கிடைக்கிறதே என்று பிஷப்பால் எடுத்தேன். சீக்கிரமே தோற்றேன். எடுத்தது தப்பா?

எடுத்தது தப்பில்லை. இதுதான் எவன்ஸ் காம்பிட்; காம்பிட் என்றால் ஆதாயம் தேடி ஒரு காயைக் கொடுப்பது. அடுத்து சி3 வரும், உங்கள் பிஷப் ஓட வேண்டும். அது ஓடுகிற நேரத்தில் வெள்ளை டி4 தள்ளி நடுப்பலகையைப் பிடித்துவிடும். அதற்குத்தான் அந்தச் சிப்பாய். இன்னொரு வினையும் உண்டு. பி சிப்பாய் போனதும் வெள்ளையின் சி1 பிஷப்புக்கு ஏ3 திறக்கிறது. அங்கே உட்கார்ந்து எஃப்8 கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் உங்களுக்கு அந்தப் பக்கம் காஸ்லிங் (ராஜாவை யானையோடு சேர்த்து ஓரத்தில் பத்திரப்படுத்தும் நகர்வு) கிடையாது. டி6-ல் ஒரு சிப்பாயை வைத்தால் அந்தக் கோடு அடைபடும்.

எடுத்த சிப்பாயைக் கடைசிவரை காப்பாற்ற வேண்டுமா?

வேண்டாம். முன்னாள் உலக சாம்பியன் எம்மானுவேல் லாஸ்கர் காட்டிய வழி இதுதான்: பிஷப்பை ஏ5-க்குக் கொண்டுபோய், டி6 ஆடி, வெள்ளை காஸ்லிங் செய்ததும் பிஷப்பைப் பி6-க்கு இழுத்துக்கொள்வது. வெள்ளை தன் சிப்பாயைத் திரும்ப எடுக்க வந்தால் ராணிகள் வெட்டுப்பட்டு, தாக்குதலும் அதோடு சரி. இதற்குப் பயந்தே பலர் காஸ்லிங்கைத் தள்ளிப்போட்டு ராணியை பி3-க்குக் கொண்டுவருகிறார்கள்.

பிஷப்பை இ7-க்குக் கொண்டுபோனால்?

நல்ல இடம்தான், ஏ3 கோட்டையும் அடைக்கும். ஆனால் 1995-ல் லாட்வியாவின் ரிகாவில் உலக சாம்பியன் காஸ்பரோவுக்கு எதிராக நம்ம ஆனந்த் அதைத்தான் ஆடினார். டி4 வந்ததும் குதிரையை ஏ5-க்கு அனுப்பி வெள்ளை பிஷப்பைத் தொட்டார். காஸ்பரோவ் அலட்டிக்கொள்ளாமல் அதை இ2-க்கு இறக்கினார். அப்புறம் கறுப்புக் குதிரைகள்தான் அலைந்தன. 15-வது நகர்வில் வெள்ளை பிஷப் எச்6-ல் போய் உட்கார்ந்தது. ஆனந்தால் கடைசிவரை காஸ்லிங் செய்ய முடியவில்லை. 25 நகர்வில் ஆட்டம் முடிந்தது. அன்றைய ஆனந்துக்கே அந்தக் கதி என்றால், நீங்கள் தோற்றதற்கு வருத்தப்படாதீர்கள்.

எடுக்காமலே விட்டுவிட்டால்?

பிஷப்பைப் பி6-க்கு நகர்த்தலாம். ஏ4 வந்தால் மறக்காமல் ஏ6 ஆடுங்கள். இல்லையென்றால் ஏ5 தள்ளி பிஷப்பை மடக்கிவிடுவார்கள்.

எவன்ஸ் யார்?

வேல்ஸ் நாட்டுக் கப்பல் கேப்டன். 1820-களில் இதைக் கண்டுபிடித்தார்.

என் மகள் இப்போதுதான் கற்கிறாள். இதை ஆடச் சொல்லலாமா?

தாராளமாக. ஆனால் போன சிப்பாயைப் பிடிக்க அலைய விடாதீர்கள். 10-வது நகர்வில் இரு பக்கமும் எத்தனை காய்கள் வெளியே வந்திருக்கின்றன என்று எண்ணச் சொல்லுங்கள். அவள் பக்கம் இரண்டு காய்கூட அதிகம் இல்லையென்றால் சிப்பாய் வீண்.