எலக்ட்ரிக் கிட்டார்ல விசித்திர சத்தம்: கேளுங்க, சொல்றேன்

கே: அண்ணா, கிட்டார் ஸ்ட்ரிங் மேல பிடிக்கிற ஈபோ கருவி எப்படி வேலை செய்யுது? உள்ள மோட்டார் இருக்கா?

ப: மோட்டார்லாம் இல்ல தம்பி. ரெண்டு காயில், ஒரு குட்டி ஆம்ப்ளிஃபயர், 9 வோல்ட் பேட்டரி, அவ்வளவுதான். ஒரு காயில் ஸ்ட்ரிங் அதிர்றத பிடிக்குது, அது பெருசாகி இன்னொரு காயிலுக்குப் போகுது, அது அதே ஸ்ட்ரிங்க அதே வேகத்துல திரும்பத் திரும்ப இழுத்து விடுது, அதனால நோட்டு அடங்காம நின்னுக்கிட்டே இருக்கும். அமெரிக்கால கிரெக் ஹீட்னு ஒருத்தர் உருவாக்கினது, 1976ல விற்பனைக்கு வந்துச்சு. அதோட பள்ளம் ரெண்டையும் பக்கத்து ஸ்ட்ரிங் மேல உக்கார வச்சு நடு ஸ்ட்ரிங்க மட்டும் பாட விடணும். பிக்கப்புக்கு (ஸ்ட்ரிங் அதிர்வ பிடிச்சு ஆம்புக்கு அனுப்புற காந்தப் பகுதி) நேர் மேல போனா சத்தம் எகிறும், தள்ளினா அடங்கும், அந்த நகர்த்தல்லதான் வித்தையே இருக்கு. ஆம்ப் வால்யூம குறைச்சு வச்சிட்டு ஆரம்பிங்க.

கே: நைலான் ஸ்ட்ரிங்ல ஈபோ ஓடுமா?

ப: ஓடாது. காந்தம் இழுக்க இரும்பு வேணும்.

கே: ட்ரில் வச்சு வாசிக்கிறது நிஜமா?

ப: நிஜம்தான். மிஸ்டர் பிக் பேண்டோட பால் கில்பர்ட் 1991 ஆல்பத்துல ட்ரில் முனைல பிக்குகள (ஸ்ட்ரிங்க மீட்டுற சின்னத் துண்டு) மாட்டி ஸ்ட்ரிங்க சுழட்டி அடிச்சாரு. அதே வருஷம் எடி வான் ஹேலன் ட்ரில்ல பிக்கப் கிட்ட கொண்டுபோனாரு, மோட்டாரோட காந்தப்புலமே பிக்கப்ல ஏறி உறுமும். பேட்டரி ட்ரில் மட்டும்தான், கரண்ட் ட்ரில் வேணவே வேணாம். நீள முடி இருந்தா கட்டிக்கோங்க.

கே: லெட் செப்பெலின் பேண்டோட ஜிம்மி பேஜ் மாதிரி வாசிக்க வயலின் போ (வில்) வாங்கினேன், நடு ஸ்ட்ரிங் தனியா வரவே மாட்டேங்குது.

ப: வராது. வயலின்ல ஸ்ட்ரிங்க தாங்குற பிரிட்ஜ் நல்லா வளைஞ்சிருக்கும், கிட்டார்ல எல்லா ஸ்ட்ரிங்கும் கிட்டத்தட்ட ஒரே மட்டம், ஓரத்து ரெண்டுதான் தனியா சிக்கும். ஓப்பன் ட்யூனிங் (விரல் வைக்காமலே எல்லா ஸ்ட்ரிங்கும் சேர்ந்து ஒரு கார்டா கேக்குற சுருதி) வச்சு மொத்தமா இழுங்க, அழகா இருக்கும். முடிச்சதும் வில்லுல தடவுற ரோசின் (பிசின்) தூள துடைங்க, பிக்கப் மேல படியும். அப்புறம், பேஜ் ஒண்ணும் முதல் ஆள் இல்ல. தி கிரியேஷன் பேண்ட் எடி பிலிப்ஸ் 1966லயே போ பிடிச்சிட்டாரு.

கே: பேஜ இப்படி மட்டம் தட்டாதீங்க சார். செப்பெலின் இல்லன்னா இது யாருக்குத் தெரியும்?

ப: மட்டம் தட்டல. செப்பெலினுக்கு முன்னாடி இருந்த யார்ட்பேர்ட்ஸ் பேண்டோட 1967 ஆல்பத்துலயே பேஜ் போ வாசிச்சிருக்காரு, உலகத்துக்கே காட்டினதும் அவர்தான். நான் சொன்னது தேதிய மட்டும்.

கே: தேதி எதுக்கு சார், வாசிப்பு யாருது பெருசு?

ப: அப்ப கீத் ரோ வாசிப்ப கேட்டுட்டு வாங்க. 1965ல லண்டன்ல ஆரம்பிச்ச ஏஎம்எம் இசைக்குழுக்காரர். கிட்டார மேசைல படுக்கப் போட்டு கத்தி, அரம், ரேடியோ எல்லாத்தையும் வச்சு வாசிச்ச மனுஷன். அவருக்காக இங்க யாரும் சண்டைக்கு வரல பாருங்க.

கே: காசே இல்ல, என்ன செய்யலாம்?

ப: பென்சில 12வது ஃப்ரெட்டுக்கு (கழுத்துல குறுக்க இருக்கிற உலோகக் கம்பி) மேல ஸ்ட்ரிங்குக்கு அடில சொருகுங்க, ஹெட்ஸ்டாக் (முறுக்காணி இருக்கிற தலை) பக்கம் தட்டுங்க. பிரிட்ஜ் பக்கத்துப் பாதி தானா அதிர்ந்து கோயில் மணி மாதிரி கேக்கும். ஸ்க்ரூட்ரைவரும் ஆகும், சோனிக் யூத் பேண்ட்காரங்க அதத்தான் செஞ்சாங்க.

கே: கிளாசிக்கல் கிட்டார்ல ஈபோ?

ப: அது நைலான். மேல படிங்க.

கே: வீட்ல கரண்ட் ட்ரில்தான் இருக்கு, மெதுவா ஓட்டினா பரவாயில்லயா?

ப: அதுல செவுத்துல ஓட்டை போடுங்க.