முழங்கால் வலி இருக்கும்போது அரை மாரத்தான் பயிற்சியைத் தொடரலாமா?

அரை மாரத்தானுக்கு (சுமார் 21 கி.மீ.) 12 வாரம் இருக்கிறது, 6 கி.மீ. தாண்டினால் முட்டிச் சில்லைச் சுற்றி வலிக்கிறது, மாடிப்படி இறங்கும்போதும் வலி, எம்ஆர்ஐயில் ஒன்றுமில்லை என்கிறார்கள், ஓட்டத்தை அடியோடு நிறுத்த வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்த வேண்டியிருக்காது. ஆனால் இப்போது ஓடும் அளவிலேயே தொடர்ந்தால் சரியாகாது.

எந்த வலி என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். சில்லுக்குப் பின்னாலோ சுற்றியோ மந்தமாக வலித்து, படி இறங்கும்போதும் நெடுநேரம் முட்டியை மடக்கி உட்கார்ந்து எழும்போதும் கூடினால் அது சில்லுக்கும் தொடை எலும்புக்கும் இடையிலான மூட்டு சுமை தாங்காமல் கொடுக்கும் வலி. ஓட்டக்காரர்களுக்கு வரும் முட்டி வலிகளில் இதுதான் அதிகம். வெளிப்பக்கம் ஒரே இடத்தில், குத்துவது போல வலித்தால் ஐடி பேண்ட் (தொடையின் வெளிப்பக்கமாக இடுப்பிலிருந்து முட்டிக்குக் கீழே வரை வரும் தடித்த திசுப்பட்டை) பக்கம் சந்தேகப்பட வேண்டும். சில்லின் கீழ் நுனியில் விரல் வைத்து அழுத்தினால் சுரீர் என்றால் அது தசைநாண் பிரச்சினை. கீழே எழுதியிருப்பது முதல் வகைக்கு.

முட்டி வீங்கினாலோ, நடக்கும்போது பூட்டிக்கொண்டாலோ, திடீரென்று மடங்கி உங்களைத் தள்ளினாலோ, ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தாலோ இந்தப் பதிலைப் படிப்பதை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

இனி, எவ்வளவு ஓடலாம்? வலியை 0 முதல் 10 வரை எண்ணில் குறித்துக்கொள்ளுங்கள். ஓடும்போது 2-ஐத் தாண்டக் கூடாது, ஓடி முடித்து ஒரு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும், மறுநாள் காலையில் படி இறங்கும்போது முந்தின நாளைவிட மோசமாக இருக்கக் கூடாது. மூன்றில் அதிகம் தவறவிடப்படுவது மூன்றாவதுதான். ஓடும்போது உடம்பு சூடாகிவிடுவதால் வலி அடங்கியது போல இருக்கும். உண்மையான கணக்கு மறுநாள் படியில் தெரியும்.

உங்களுக்கு 6 கி.மீ.யில் வலி தொடங்குகிறது என்றால் இப்போதைக்கு ஒரு ஓட்டம் 4 கி.மீ. தான். வாரம் மூன்று நாள் நீளமாக ஓடுவதைவிட நான்கைந்து நாள் குட்டையாக ஓடுவது மூட்டுக்கு நல்லது. சமதரையில், மெதுவாக. ஃப்ளைஓவர் இறக்கமும் ஓரம் சரிந்த சாலையும் வேண்டாம். ஓட்டத்துக்கு வெளியே உள்ள சுமையையும் கணக்கில் சேருங்கள். முதல் மூன்று வாரம் சம்மணம் போட்டு நெடுநேரம் உட்கார்வது, குந்தி வேலை செய்வது, அபார்ட்மெண்ட் படிகளில் திரும்பத் திரும்ப இறங்குவது இவற்றைக் குறைத்தாலே பலருக்கு 4 கி.மீ. வலியில்லாமல் போகும்.

சுமையை இப்படிச் சரிசெய்வதை ஏதோ பாதி வைத்தியம் என்று நினைக்காதீர்கள். கனடாவின் கியூபெக்கில் இதே வலியுள்ள 69 ஓட்டக்காரர்களை மூன்று குழுவாகப் பிரித்து 8 வாரம் பார்த்த ஆய்வு 2018-இல் வெளியானது. ஒரு குழுவுக்குச் சுமையை எப்படிச் சரிசெய்வது என்று மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டாவதற்கு அதோடு தசைப் பயிற்சி, மூன்றாவதற்கு அதோடு ஓடும் முறையில் மாற்றம். மூன்று குழுவுக்குமே வலி குறைந்தது. மற்ற இரண்டும் முதல் குழுவைவிட முந்தவில்லை.

தாங்குதிறனைக் காப்பாற்ற சைக்கிள் போதும். ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேர லாங் ரன் (வாரத்தின் நீளமான ஓட்டம்) என்றால், 25 நிமிடம் ஓடிவிட்டு உடனே 65 நிமிடம் சைக்கிளில் ஏறுங்கள். வேகப் பயிற்சியையும் இங்கேயே வைக்கலாம்: 4 நிமிடம் மூச்சிரைக்க, 3 நிமிடம் லேசாக, இப்படி 5 முறை. ஆனால் முட்டி வலிக்குச் சைக்கிள் ஓட்டப் போய், சைக்கிளாலேயே வலி கூடுவது அடிக்கடி நடக்கிறது. காரணம் சீட். சிக்னலில் கால் ஊன்ற வசதி என்று சீட்டைத் தாழ்த்தி வைத்திருப்போம். அப்போது மேல்சுற்றில் முட்டி அதிகமாக மடங்கி, சில்லின் மேல் அழுத்தம் ஏறுகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து அடிமட்டத்துக்குக் கொண்டுபோங்கள். இடுப்பு சாயாமல் கால் முழுசாக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தை வைத்து மிதித்தால் முட்டி லேசாக மடங்கியிருக்கும், அதுவே சரியான உயரம். கனமான கியர் வேண்டாம். லேசான கியரில் நிமிடத்துக்கு 85 முதல் 95 சுற்று.

நீச்சல் குளம் கிடைத்தால், மிதவை பெல்ட் கட்டிக்கொண்டு தரை தொடாத ஆழத்தில் நின்ற வாக்கில் ஓடலாம். முட்டியில் மோதலே இல்லை. தண்ணீரில் இதயத்துடிப்பு தரையில் ஓடும்போது வருவதைவிட நிமிடத்துக்கு 10 அளவுக்குக் குறைவாகவே காட்டும், அதைப் பார்த்துவிட்டு உழைப்பு போதவில்லை என்று நினைக்க வேண்டாம்.

தசைப் பயிற்சி வாரம் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். முட்டி எரிச்சலாக இருக்கும் முதல் இரண்டு வாரம் இடுப்பிலிருந்து தொடங்குங்கள்: பக்கவாட்டில் படுத்து மேல்காலைத் தூக்குவது, கணுக்காலுக்கு மேல் எலாஸ்டிக் பேண்ட் மாட்டிப் பக்கவாட்டில் நடப்பது, சைட் பிளாங்க் (ஒரு பக்கமாக முழங்கையை ஊன்றி உடம்பை நேராகத் தூக்கி நிறுத்துவது). பிறகு ஸ்குவாட், பாதி ஆழம் வரை மட்டும். முட்டி அதிகம் மடங்க மடங்க ஸ்குவாட்டில் சில்லின் அழுத்தம் ஏறும். ஜிம்மில் லெக் எக்ஸ்டென்ஷன் மெஷினில் இது தலைகீழ்: கால் நீளும் கடைசிப் பகுதியில்தான் அழுத்தம் அதிகம், எனவே முட்டி 90 பாகை மடங்கிய நிலையிலிருந்து 45 வரை மட்டும் தூக்குங்கள். எல்லாமே 10 முதல் 12 தடவை, 3 செட். கடைசி இரண்டு தடவை சிரமமாக இல்லை என்றால் எடை போதவில்லை.

இதில் ஒன்றைக் கண்ணாடி முன்னால் செய்ய வேண்டும். 15 செ.மீ. உயரப் படியின் மேல் ஒற்றைக் காலில் நின்று, மற்ற குதிகால் தரையைத் தொடும்வரை மூன்று விநாடி எடுத்து இறங்குங்கள். நிற்கும் காலின் முட்டி கட்டைவிரல் பக்கம் உள்ளே சாய்கிறதா, எதிர்ப்பக்க இடுப்பு கீழே விழுகிறதா என்று பாருங்கள். சாய்ந்தால் படியின் உயரத்தை 10 செ.மீ. ஆக்கி, முட்டி இரண்டாவது விரலுக்கு நேராக இருக்கும்படி இறங்கிப் பழகுங்கள். எண்ணிக்கை அப்புறம்.

ஓடும் முறையில் ஒரே ஒரு மாற்றம்: ஒரு நிமிடத்தில் எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று எண்ணி, வேகத்தை மாற்றாமல் அதில் 5 முதல் 10 சதவீதம் கூட்டுங்கள். 160 என்றால் 168 முதல் 176. அடி குட்டையாகும், பாதம் உடம்புக்கு நெருக்கமாக விழும். 10 சதவீதம் கூட்டினால் சில்லின் மேல் விழும் உச்ச அழுத்தம் சுமார் 14 சதவீதம் குறைகிறது. போனில் மெட்ரோனோம் (சீரான இடைவெளியில் டிக் டிக் என்று ஒலிக்கும் ஆப்) போட்டு முதலில் ஒரு நிமிடம் ஓடி, ஒரு நிமிடம் சும்மா ஓடுங்கள். கெண்டைக்காலுக்கு வேலை கூடும் என்பதால் முதல் நாளே முழு ஓட்டத்துக்கும் வேண்டாம்.

நான் மிகவும் பயப்படுவது அடுத்து வரும் கட்டத்துக்கு. மூன்றாவது நான்காவது வாரத்தில் வலி அடங்கியிருக்கும், சைக்கிள் ஓட்டியதால் மூச்சும் பலமாக இருக்கும். இதயமும் நுரையீரலும் 15 கி.மீ.க்குத் தயார், முட்டி 5 கி.மீ.க்குத்தான் தயார். பயிற்சியை ஒழுங்காகத் தொடர்ந்தவர்களுக்கே வலி திரும்பி வருவது இந்த இடைவெளியில்தான். அதனால் லாங் ரன்னை வாரத்துக்கு 1 முதல் 2 கி.மீ. மட்டும் கூட்டுங்கள், முதலில் தூரம், பிறகு ஏற்ற இறக்கம், கடைசியில் வேகம். ஒரே வாரத்தில் இந்த மூன்றில் இரண்டைச் சேர்த்துக் கூட்டாதீர்கள். மறுநாள் படியில் வலி கூடினால் முந்தின வாரத்து அளவுக்குத் திரும்புங்கள், பூஜ்ஜியத்துக்குப் போக வேண்டாம்.

லாங் ரன்னுக்கு முன்னால் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரை போடும் பழக்கம் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வலி எண்ணை மறைத்துவிடும் என்பது ஒரு பக்கம். வியர்த்து உடம்பில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் குறைவாகவே போகிறது, இந்த மாத்திரைகள் அதை மேலும் குறைக்கும். நீ-கேப் இதமாக இருந்தால் போடலாம், ஆனால் அதைப் போட்டிருப்பதால் தூரத்தைக் கூட்டக் கூடாது.

10-வது வாரத்தில் 16 கி.மீ. மேலே சொன்ன மூன்று நிபந்தனைக்குள் முடிந்தால் போட்டிக்குப் போகலாம். 12 கி.மீ.யில் நின்றால், 4 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை என்று பிரித்து முடிக்கலாம். 8 கி.மீ.யையே தாண்டவில்லை என்றால் பதிவை 10 கி.மீ.க்கு மாற்றிக்கொண்டு, ஓட்டக்காரர்களைப் பார்த்துப் பழகிய பிசியோதெரபிஸ்ட்டிடம் உங்கள் வாராந்திரக் குறிப்போடு போங்கள்.